பூச்சி தந்த பூச்சு

காவிரி ஒரு புறம், கொள்ளிடம் மறு புறம். இரண்டுக்கும் இடையே தீவாய்க் கிடக்கிறது திருவரங்கம். ஏழு மதில்கள், இருபத்தொரு கோபுரங்கள், எண்ணிச் சலிக்கும் அளவுக்குத் தூண்கள்! கல்லாலே எழுந்த அந்தப் பெருங்கோயிலின் நடுவிடத்தில் பள்ளிகொண்டிருக்கும் உருவம் மட்டும் கல்லன்று, சுதை. சுதைக்கு நீர் ஆகாது. ஆகவே, ஆறிரண்டு அருகே ஓடினும் அந்த உருவத்துக்குத் திருமஞ்சனம் இல்லை. நீராட்டெல்லாம் உலா வரும் உலோகப் படிமத்துக்கே. மூலவருக்கு உரியது தைலக்காப்பு. ஆனித் திங்களில், ஜேஷ்டாபிஷேகம் என்று வழங்கும் விழாவை ஒட்டி, மணப்பொருள்களினின்று இறக்கிய தைலத்தை எடுத்துப் பூசுகிறார்கள். பூச்சு உலரும் வரை முழு உருவமும் காணக் கிடைப்பதில்லை. நெடுந்தொலைவிலிருந்து வந்தவரும் காத்திருக்கத்தான் வேண்டும்.

கேலிக்காக இதைச் சொல்லவில்லை, தோழர்களே! இதிலே ஒரு பாடம் இருக்கிறது. சுதை ஈரத்துக்கு அஞ்சும் என்பதை அறிந்தவன் ஒருவன் இருந்தான். அந்த ஈரத்தைத் தடுக்கும் பூச்சு எது என்று கண்டவன் ஒருவன் இருந்தான். எத்தனை நாளுக்கு ஒருமுறை பூச வேண்டும், எத்தனை நாள் உலர விட வேண்டும் என்று கணக்கிட்டவனும் இருந்தான். மந்திரத்தை நம்பி அவர்கள் வாளாவிருக்கவில்லை. பொருளுக்கு ஓர் இயல்பு உண்டு, அந்த இயல்பை அறிந்தவன் கையிலேதான் பொருள் பிழைக்கும் என்ற உண்மையை உணர்ந்து நடந்தார்கள். அவர்கள் பெயரைச் சொல்லிக் கைகூப்புவோர் இன்று எவரும் இலர். ஆனால் அவர்கள் அறிவுதான் அந்த உருவத்தைக் காத்து நிற்கிறது.

கருவறையிலே கடைப்பிடிக்கும் இந்த அறிவை, அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளிலே, அவ்வளவு ஏன், தமிழகத்தின் எந்த ஊர் வீட்டிலும், நம்மவர் கடைப்பிடிக்கிறார்களா? பரணில் ஏறிப் பாருங்கள். பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாட்டி விளையாடிய மரச் சொப்பு இருக்கும். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஓடிய அரக்கு மெருகு, ஒரு காலத்தில் கண்ணாடிபோல் பளபளத்தது, இன்று வெடித்தும் உரிந்தும் வெளிறியும் கிடக்கும். தொட்டில் கம்பு இருக்கும், கிலுகிலுப்பை இருக்கும், நடைவண்டியின் ஒற்றைச் சக்கரம் இருக்கும். சிலர் இவற்றைக் கொலுப்படியில் ஏற்றிப் பொட்டிட்டுக் கும்பிடுவர். சிலர் குப்பையில் எறிவர். கும்பிடுபவரும் எறிபவரும் ஒன்றில் ஒத்திருக்கின்றனர். அந்தப் பளபளப்பு எதனால் ஆனது, யார் கையால் ஆனது என்று இருவருமே கேட்பதில்லை!

நாம் கேட்போம். கேட்டால்தான் காக்கத் தெரியும்.

அரக்கு என்பது என்ன? மண்ணிலே தோண்டி எடுப்பதா? மரத்திலே வடிவதா? இரண்டும் அல்ல. அது ஒரு பூச்சியின் உழைப்பு. அரிசி மணியினும் சிறிய பூச்சி. புரசு, இலந்தை, வடநாட்டார் குசும் என்றழைக்கும் மரம், இவற்றின் இளங்கிளைகளில் கூட்டங்கூட்டமாய் ஒட்டிக்கொண்டு, சாற்றை உறிஞ்சி, தன்னைச் சுற்றி ஒரு பிசினைக் கசியவிட்டு, அந்தப் பிசினுக்குள்ளேயே வாழ்ந்து, முட்டையிட்டு, மடிகிறது பெண் பூச்சி. கிளை முழுவதும் மேலோடு படர்ந்ததுபோல் அது இறுகி நிற்கும். கிளையை வெட்டிச் சுரண்டி எடுத்தால் குச்சி அரக்கு. நொறுக்கிக் கழுவினால் மணி அரக்கு. கழுவிய நீரோ செந்நீர்! பட்டுக்கும் கம்பளிக்கும் ஏறும் சிவப்புச் சாயம். மணியை உருக்கி மெல்லிய தகடாய் இழுத்தால், உலகச் சந்தையில் ஷெல்லாக் என்று பெயர் பெற்ற பொன்னிற அரக்கு. ஒரு கைப்பிடி அரக்குக்குள்ளே எத்தனை ஆயிரம் உயிர்களின் வாழ்வு அடங்கிக் கிடக்கிறது, எண்ணிப் பாருங்கள்!

சங்கப் புலவன் இதை அறிந்திருந்தான். பூவின் செம்மைக்கு அரக்கை உவமை சொன்னான். பாரதம் எழுதியவனும் அறிந்திருந்தான். ஆனால் அவன் கண்டது அரக்கின் இன்னொரு குணத்தை. அரக்கு எரியும். எளிதில் பற்றும், பற்றினால் அடங்காது. வாரணாவதத்திலே அரக்கு மாளிகை கட்டப்பட்ட கதையை அறியாதார் யார்? பாண்டவரைக் கொளுத்தத் துரியோதனன் சூழ்ச்சி செய்தான்; விதுரன் குறிப்புரைத்தான்; சுரங்கம் தோண்டப்பட்டது; ஐவரும் தாயும் தப்பினர். கதாகாலட்சேபங்களில் இந்த இடத்திலே கைதட்டு எழும்.

ஆனால், தோழர்களே, அந்த இரவிலே எரிந்தது யார்? குந்தி அன்று விருந்து வைத்தாள். பசியோடு வந்தாள் ஒரு வேட்டுவப் பெண், நிஷாதக் குலத்தாள். அவளுக்கும் ஐந்து மக்கள்! உண்டனர், குடித்தனர், மயங்கி அங்கேயே உறங்கினர். அவர்கள் உறங்கும்போதே பீமன் தீயிட்டான். விடிந்ததும் ஊரார் வந்து பார்த்தபோது கரிந்த உடல்கள் ஆறு; தாயொருத்தி, மக்கள் ஐவர். கணக்குச் சரியாயிற்று! பாண்டவர் மாண்டனர் என்று ஊர் நம்பிற்று. அந்தக் காட்டுத்தாயின் பெயரைக் காவியம் சொல்லவில்லை. அவள் மக்களின் பெயரையும் சொல்லவில்லை. தப்பியவர் பெயரை ஆயிரம் முறை பாடும் நாவுக்கு, எரிந்தவர் பெயரைக் கேட்கவும் தோன்றவில்லை.

கதை, கற்பனை என்று விட்டுவிடலாமா? விடலாம். ஆனால் கற்பனை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டாமா? அரக்கைக் காட்டிலிருந்து கொண்டுவந்தவர் யார்? காட்டு மக்கள். அரக்கு மாளிகையில் எரிந்தவர் யார்? காட்டு மக்கள். இன்றும் இந்தியாவின் அரக்கில் பாதிக்கு மேல் விளைவது ஜார்க்கண்டு மாநிலத்திலே, அடுத்துச் சத்தீஸ்கர். விளைவிப்போரில் மிகப் பலர் பழங்குடியினர். பூச்சி ஒட்டிய விதைக்குச்சியைக் கிளையிலே கட்டி, அணிலும் பறவையும் பிற பூச்சியும் அழிக்காமல் காத்து, மரமேறி வெட்டி, சுரண்டி, சந்தைக்குக் கொண்டுவருபவர் அவர்களே. மழை தப்பினாலோ, வெப்பம் மிஞ்சினாலோ பூச்சி மடியும். அவர்கள் வருவாயும் மடியும். கடையிலே தகட்டு அரக்கை வாங்குபவன் தரத்தைக் கேட்பான், விலையைக் கேட்பான். மரமேறியவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

தகட்டு அரக்கு ஆக்கும் முறையைக் கேட்டால் கல்லும் கசியும். நீண்ட துணிப் பையிலே மணி அரக்கை அடைத்து, தீயின் முன்னே பிடித்து முறுக்குவார்கள். உருகிய அரக்கு கசிந்து வரும். அதை உருளையிலே பரப்பி, சூடு ஆறுமுன் எடுத்து, கைகளாலும் கால் விரல்களாலும் பற்களாலும் பற்றி இழுத்து, காகிதம்போல் மெல்லிய பெருந்தகடாக்குவார்கள். பற்களாலும், தோழர்களே! மேல்நாட்டு மாளிகைகளிலே மேசைக்கும் பியானோவுக்கும் பளபளப்பு ஏறிற்றே, அந்தப் பளபளப்பு, பெயரறியாத் தொழிலாளி ஒருவன் வெங்குழம்பைப் பல்லால் கடித்து இழுத்தது!

வாணிபத்தின் கதை தனி. கிழக்கிந்தியக் கம்பெனியார் முதலில் ஆசைப்பட்டது அரக்கின் சாயத்துக்கு. இங்கிலாந்தின் சிவப்புக் கம்பளிக்கு அது மலிவாய்ப் பயன்பட்டது. 1856இல் பெர்க்கின் என்ற ஆங்கிலேய இளைஞன் நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயத்தைக் கண்டான். அடுத்து வந்த ஆண்டுகளில் அரக்குச் சாயத்தின் சந்தை சரிந்தது. சாயம் போயிற்று, பிசின் நின்றது. நின்றது மட்டுமன்று, பாடவும் தொடங்கிற்று! ஆம், கிராமபோன் இசைத்தட்டு! அரக்கோடு கற்பொடியும் கரியும் சேர்த்து அழுத்திச் செய்தவைதாம் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற அந்தக் கறுப்புத் தட்டுகள். 1908இல் கல்கத்தாவில் இசைத்தட்டு ஆலை எழுந்தது. திருச்சிராப்பள்ளியில் வளர்ந்து தமிழகத்தையே தன் குரலால் கட்டிப்போட்ட எம். கே. தியாகராச பாகவதர் பாட்டும் அந்த அரக்கிலேதான் பதிந்தது. பாகவதர் பிறந்தது பொற்கொல்லர் குடும்பத்தில். பொற்கொல்லன் பட்டறையிலோ அரக்கு இல்லாமல் வேலை நடவாது! உட்குழிந்த நகைக்குள் அரக்கை நிரப்பித்தான் கல் இழைப்பான். அரக்கில் பதித்துத்தான் தகட்டிலே சிற்றுளியோட்டுவான். தந்தையின் தொழிலிலும் அரக்கு, தனயனின் புகழிலும் அரக்கு! உலகப் போரின்போது, 1942இல், அமெரிக்க அரசு இசைத்தட்டுக்குச் செலவாகும் அரக்கை நூற்றுக்கு எழுபது பங்கு குறைக்க ஆணையிட்டது. ஜார்க்கண்டுக் காட்டுக் கிளையின் சிறு பூச்சி, உலக வல்லரசின் ஆணையிலே இடம்பெற்றது!

இத்தகைய அரக்கை மரத்தின்மீது ஏற்றிய கலைஞன்தான் நம் வீட்டுப் பரணில் இருப்பவற்றைப் படைத்தவன். கடைசல் தொழிலாளி என்பது அவன் பெயர். தமிழகத்தில் அம்பாசமுத்திரம் இந்தத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பொதிகை அடிவாரம், பொருநையாற்றங்கரை. மஞ்சட்கடம்பு முதலிய மரங்கள் அவன் மூலப்பொருள். கன்னட நாட்டுச் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவிலும் இதே தொழில் வெட்பாலை மரத்தைக் கொண்டு நடக்கிறது. ஊர் வேறு, மொழி வேறு; உழைப்பு ஒன்று.

முறை எளிது போலத் தோன்றும். உலர்ந்த மரத்துண்டைக் கடைசலில் பூட்டிச் சுழல விடுவார்கள். முன்னாளில் கயிற்றைச் சுற்றி இழுத்தார்கள். பின்னாளில் மின்பொறி வந்தது. உளியை வைத்ததும் மரம் பானையாகும், குடமாகும், கரண்டியாகும். பிறகு நிறமேற்றிய அரக்குக் கட்டியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்திப் பிடிப்பார்கள். தூரிகை இல்லை, தீ இல்லை. உராய்வு பிறப்பிக்கும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தின் மேல் படரும். இறுதியில் தாழை மடலை எடுத்து எண்ணெய் தொட்டு அழுத்தினால், அப்பப்பா, கண்ணாடி! மரத்தின் நுண்துளைகளில் இறங்கி மேலே தோலாய்ப் போர்த்தி நிற்கும் அந்த மெருகு, ஒரு தலைமுறையைத் தாண்டியும் நிற்கும், காக்கத் தெரிந்தால்!

சொப்பைப் போற்றும்போது, அதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். சொப்பிலே என்னென்ன? அடுப்பு, அம்மி, உரல், திருகை, பானை, கரண்டி. யார் கைக்கு? பெண் குழந்தையின் கைக்கு. பம்பரமும் வண்டியும் ஆணுக்கு. அடுப்பும் அம்மியும் பெண்ணுக்கு! நடை பழகுமுன்பே நாளைய அடுக்களையை அவள் கையிலே திணித்தார்கள். மணமான பெண்ணுக்குச் சீரோடு சீராய் மரப்பாச்சி இணையையும் வைத்து அனுப்பிய வழக்கம் எதைக் காட்டுகிறது? மணமகள் இன்னும் பொம்மை வைத்து விளையாடும் பருவத்தினள் என்பதையன்றி வேறென்ன! செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணின் மணவயது பதினாறுக்கு மேல் இருத்தல் வேண்டும், சொத்திலே ஆணுக்கு நிகர் உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அவ்வாண்டே நிறைவேறிய சாரதா சட்டம் பதினான்கு என்று வரையறுத்தது. பரணில் கிடக்கும் சொப்பும் மரப்பாச்சியும் அந்தப் போராட்டத்துக்கு முந்தைய காலத்தின் சாட்சிகள். சாட்சியை அழிக்கலாமா? கூடாது. கும்பிடலாமா? தேவையில்லை. காத்து வைக்க வேண்டும். பேத்திக்குக் காட்டி, 'உன் கொள்ளுப்பாட்டி இதை வைத்து விளையாடியபோது அவளுக்குத் திருமணம் ஆகியிருந்தது' என்று சொல்ல வேண்டும்.

பெயர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஐரோப்பியச் செல்வர் மாளிகைகளில், பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில், மனிதரினும் உயரமான மடிப்புத் தடுப்புகள் இருந்தன. கறுமெருகில் பூவும் பறவையும் மாளிகையும் செதுக்கி நிறமூட்டியவை. அவற்றுக்குக் 'கோரமண்டல்' என்று பெயர். கோரமண்டல் எது? நம் சோழமண்டலக் கரை! அப்படியானால் தமிழன் செய்ததா? இல்லை. செய்தவன் சீனத் தொழிலாளி. நம் கரைத் துறைமுகங்களின் வழியாகக் கம்பெனிக் கப்பல்கள் ஏற்றிச் சென்றதால் நம் கரையின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஏற்றுமதி செய்த துறைக்குப் பெயர் கிடைத்தது. செய்த கைக்குக் கிடைக்கவில்லை. நம் பெயர் கிடைத்ததே என்று மகிழ்வது மடமை. செய்தவன் பெயர் மறைந்ததே என்று வருந்துவதே அறிவு.

அந்தச் சீன மெருகும், பர்மாவின் மெருகும் பூச்சியின் பிசின் அன்று, மரத்தின் பால். பர்மாவில் பகான் நகரத்தார் மூங்கிலைப் பின்னி, அதன்மேல் அந்தப் பாலைப் பலமுறை பூசி, ஒவ்வொரு முறையும் ஈரமான நிலவறையில் வைத்து இறுக விட்டு, கறுப்பும் சிவப்புமாய் வெற்றிலைப் பெட்டிகள் செய்தார்கள். கடல் கடந்து வாணிபம் செய்த தமிழரும், கூலிக்குச் சென்ற தமிழரும் அவற்றைக் கொண்டுவந்தனர். 1942இல் சப்பானியர் படையெடுப்பின்போது காடும் மலையும் கடந்து நடந்தே வந்தவர் உண்டு. 1964ஐ ஒட்டிய ஆண்டுகளில் உடைமைகளை இழந்து கப்பலேறியவர் உண்டு. அத்தகைய குடும்பத்தில் ஒரு பர்மாப் பெட்டி இருந்தால், அது வெறும் பெட்டியா? ஒரு வாழ்வின் மிச்சம்!

இனி, காக்கும் வழிக்கு வருவோம். இயல்பை அறிந்தோம், இயல்பிலிருந்தே விதிகள் பிறக்கும். ஐயரைக் கேட்க வேண்டியதில்லை, நாள் பார்க்க வேண்டியதில்லை.

அரக்கின் முதற்பகை வெப்பம். உராய்வின் சூட்டிலே ஏறிய அரக்கு, சூட்டிலேதான் இறங்கும். நீர் கொதிக்கும் வெப்பத்துக்கு வெகு முன்பே அது இளகிவிடும். திருச்சியின் கோடையோ நாற்பது டிகிரியைத் தாண்டும். ஓட்டுக்கூரை, கல்நார்க்கூரையின் கீழுள்ள பரண் இன்னும் கொதிக்கும். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சொப்பை அடைத்தால் ஒன்றோடொன்று ஒட்டும். பிரித்தால் மெருகு உரியும். ஆகவே பரண் வேண்டாம், சன்னல் வெயில் வேண்டாம், அடுப்பின் அருகு வேண்டாம், விளக்கின் அருகும் வேண்டாம். கொலுவிலே அகல் விளக்கை அரக்குப் பொம்மையின் காலடியில் ஏற்றுபவர், பக்தியின் பெயரால் பொம்மையை உருக்குகிறார். அரக்கு மாளிகை எதனால் எரிந்தது என்பதையும் மறந்துவிடுகிறார். வெயில் இன்னொன்றும் செய்யும். மஞ்சள், அவுரி போன்ற செடிச்சாயங்களை வெளிற வைக்கும்.

இரண்டாம் பகை சாராயம். அரக்கு நீரில் கரையாது, சாராயத்தில் கரையும். தச்சர்கள் பாலீஷ் போடுவதே அரக்கைச் சாராயத்தில் கரைத்துத்தான். அத்தர், வாசனைத் தண்ணீர், கையில் தடவும் சானிடைசர் அனைத்திலும் அது உண்டு. சானிடைசர் தடவிய கையோடு சொப்பைத் தொட்டால் மெருகிலே விரல் பதியும். கிராமபோன் தட்டுக்கும் இதே விதி. சாராயத்தால் துடைத்தால் பாட்டே கரைந்துபோகும்.

மூன்றாம் பகை காரம். சலவைச் சோடா, சோப்பு, சாம்பல் யாவும் அரக்கைத் தின்னும். பித்தளைக்குப் புளி, பாத்திரத்துக்குச் சாம்பல் என்ற அடுக்களைப் பழக்கத்தை அரக்கிடம் காட்டாதீர்கள். 'பளிச்' என்று தேய்த்துக் கழுவினேன் என்று பெருமை பேசுபவர், பாட்டி காலத்து மெருகைச் சாக்கடையில் விட்டவர்.

நான்காம் பகை ஈரமும் வறட்சியும் மாறி மாறி வருவது. ஆற்றிடைத் தீவிலே ஐப்பசியில் மரம் ஈரத்தைக் குடித்து விம்மும். சித்திரையில் காய்ந்து சுருங்கும். மரம் அசையும், மேலே போர்த்திய அரக்கு அசையாது, ஆகவே வெடிக்கும். தண்ணீரில் ஊறவைத்தால் இந்தக் கேடு ஒரே நாளில் நேரும். ஈரம் தங்கிய இடத்தில் மெருகு வெண்மையாய்ப் பூத்துவிடும். காற்றோட்டமுள்ள அலமாரி, சுவரை ஒட்டாத இடம், தரையினின்று உயரம்: இவை போதும். பாலிதீன் பையில் சுற்றாதீர்கள். அது ஈரத்தை உள்ளேயே சிறை வைக்கும், சூட்டில் மெருகோடு ஒட்டவும் ஒட்டும். பலமுறை துவைத்து மென்மையான பருத்தித் துணியில் தனித்தனியே சுற்றி வையுங்கள். பழைய வேட்டித் துண்டு இதற்குப் போதும், பட்டு வேண்டியதில்லை.

துடைப்பது எப்படி? உலர்ந்த மெல்லிய துணி, அவ்வளவுதான். கடைசல் வரிகளில் அடைந்த தூசுக்கு மென்தூரிகை. அழுக்கு விடாவிட்டால், நீரில் நனைத்து நன்றாய்ப் பிழிந்த துணியால் ஒற்றி, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். அதற்கு முன் அடிப்பக்கத்தில் ஓரிடத்தில் ஒற்றிப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அத்தோடு நிறுத்துங்கள். மெருகேற்றுகிறேன் என்று எண்ணெயைப் பூசி வைக்காதீர்கள். எண்ணெய் தூசியை ஈர்த்துப் பிசுக்காகும். அரக்குப் பூசாத வெறுமரத்து மரப்பாச்சிக்கு ஒரு துளி எண்ணெய் தடவி நன்றாய்த் துடைப்பது ஒத்துவரும். அரக்குச் சாமானுக்கு ஒத்துவராது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது, நோய் அறியாமல் மருந்து கொடுப்பது போலாகும்.

அடியில் சிறு துளையும், கீழே புதிதாய் மரத்தூளும் கண்டால், உள்ளே உளு இருக்கிறது. அதை உடனே பிறவற்றினின்று பிரித்து வையுங்கள். தூளைத் துடைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மீண்டும் தூள் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் தொழில் அறிந்தவரிடம் கொடுங்கள். அரக்குச் சில்லு உதிர்ந்தால் எறியாமல் ஒரு காகிதத்தில் மடித்துப் பொருளோடு வையுங்கள். கடையில் விற்கும் வார்னீசை மேலே பூசி மறைக்காதீர்கள். பழுது மறையும், பழமையும் மறையும். கடைசல் தொழிலாளியிடம் கொண்டுபோங்கள். அவர் கைக்குக் கூலி கொடுங்கள். பேரம் பேசாமல் கொடுங்கள்!

பர்மாப் பெட்டிக்கு விதி சற்று வேறு. மரப்பால் சூட்டில் இளகாது. ஆனால் வெயிலும் கடும் வறட்சியும் அதைச் சிதைக்கும். மூங்கில் சுருங்கினால் மேற்பூச்சு உரியும். அதற்கும் நிழலும் நிதானமான காற்றும் உலர்ந்த துணியுமே மருந்து.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பழைய சாமான்களின் மஞ்சள் நிறத்தில் அரிதாரம் கலந்திருக்கக் கூடும். அது பாஷாண வகை. ஆகவே பாட்டியின் சொப்பு பார்ப்பதற்கு. வாயில் வைத்துக் கடிக்கும் கைக்குழந்தைக்கு அன்று. பழமை என்பதாலேயே ஒன்று தூயதாகிவிடாது. இது சொப்புக்கும் பொருந்தும், மற்றவற்றுக்கும் பொருந்தும்!

இவ்வளவு தொல்லை எதற்கு, பிளாஸ்டிக் சொப்பு கிடைக்கிறதே என்பார் உண்டு. பிளாஸ்டிக்கின் பிறப்பே அரக்கின் கதையிலே ஒரு கிளை என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்டு என்ற பெல்சிய நாட்டு அறிவியலார் அரக்குக்கு மாற்றுத் தேடித்தான் ஆய்வு தொடங்கினார். 1907இல் அவர் கையில் கிடைத்தது பேக்கலைட், முழுக்க முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக். அறிவியலின் அந்த வெற்றியை நாம் பழிக்க மாட்டோம், போற்றுவோம். ஆனால் பேக்கலைட்டின் பேரப்பிள்ளைகள் சந்தையை நிறைத்தபோது, அம்பாசமுத்திரத்துப் பட்டறையில் உளி பிடித்தவனின் பிள்ளைக்கு என்ன வழி என்று எவரும் கேட்கவில்லை. அறிவியல் பூச்சியைக் கைவிடவுமில்லை. 1924இல் ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் அரக்கு ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியது. இன்றும் மாத்திரையின் மேற்பூச்சிலே அரக்கு உண்டு. மிட்டாயின் பளபளப்பிலே உண்டு. உறைகளுக்கும் பெட்டிகளுக்கும் வைக்கும் அரக்கு முத்திரையைத் தேர்தல் நாளில் காணாதார் யார்? மக்களாட்சியின் பூட்டாகவும் அந்தப் பிசின் நிற்கிறது!

ஆகவே, இளைஞர்காள், இந்த வாரமே உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள். சொப்பை எடுத்துத் துடைத்து நிழலில் வையுங்கள். இது யாருடையது, எந்த ஊரில் வாங்கியது, எந்த வயதில் யார் கைக்கு வந்தது என்று வீட்டு முதியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். எழுதி வைக்காதவர்களின் வரலாறுதான் எரிந்த ஆறு உடல்களைப் போல் பெயரற்றுப் போகிறது. கடைசல் பட்டறை கண்ணில் பட்டால் உள்ளே சென்று, தொழிலாளியின் பெயரைக் கேளுங்கள். அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். புதிதாய் ஒரு சொப்பு வாங்கினால் மகளுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். அடுப்பையும் கரண்டியையும் மகன் கையிலும் கொடுங்கள். வண்டியையும் பம்பரத்தையும் மகள் கையிலும் கொடுங்கள்.

பூச்சியின் பிசினும், பழங்குடியின் வியர்வையும், கடைசல்காரன் கைத்திறனும் கூடி உண்டான பளபளப்பு அது. அதற்குப் பூசை வேண்டாம், பொட்டு வேண்டாம். வேண்டுவன இரண்டே: நிழல், நினைவு.